ஒரே வளவில் கோழி, காடை, கினி: ராமநாதபுரம் கடற்கரையில் தோட்டத்தோடு பறவை வளர்க்கும் முறை

பல இனப் பறவைகளைச் சேர்த்து வளர்ப்பது என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் மழைக்காலத்திலேயே பாதி செத்துப்போவது அதனால்தான். வளவு ஒன்றாக இருக்கலாம், கூடுகள் தனித்தனியாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் எந்தப் பறவை எந்த மாதத்தில் போகலாம் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். உச்சிப்புளி, மண்டபம், தொண்டி, ஏர்வாடி பக்கத்து மணல் நிலத்தில் 10 சென்ட் வளவு வைத்திருக்கும் ஒரு வீட்டை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

அந்த அளவுக்கு ஏற்ற கணக்கு: நாட்டுக்கோழி பத்துப் பெட்டை, ஒரு சேவல், ஜப்பானியக் காடை இருபது, கினிக்கோழி ஆறு. வான்கோழியைச் சேர்க்கவில்லை, காரணம் கீழே வருகிறது. வாத்தும் வேண்டாம். வாத்து குடிக்கும் தண்ணீரைவிடக் கலக்கி வீணாக்கும் தண்ணீர் அதிகம், இங்கே நல்ல தண்ணீர் குடக்கணக்கில் காசு. கண்மாயில் விட்டுக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை போன்ற கண்மாய்களுக்கு வாடைக் காலத்தில் வெளிநாட்டு நீர்ப்பறவைகள் வந்து இறங்குகின்றன. அவற்றோடு கலந்துவிட்டு வீடு திரும்பும் வாத்து, பறவைக் காய்ச்சலை வளவுக்குள் கொண்டுவரக்கூடும்.

உடைமரத்தடியில் கவுதாரி முட்டையோ காட்டுக்காடைக் குஞ்சோ கிடைத்தால் எடுத்து அடைவைக்காதீர்கள். கவுதாரி, காட்டுக்காடை, மயில் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். பண்ணையில் பொரித்து விற்கும் ஜப்பானியக் காடையைத்தான் வாங்க வேண்டும்.

முதலில் தண்ணீர்

இந்தக் கரையில் பறவை வளர்ப்பு தோற்பதற்கு நோயைவிட உப்பு பெரிய காரணம். தாய்க்கோழி தாங்கிக்கொள்ளும் கிணற்றுத் தண்ணீர் குஞ்சைக் கொன்றுவிடும். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழகிய நாக்குக்கு உப்பு தெரியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம். 1000 முதல் 3000 வரை என்றால் வளர்ந்த கோழி தாங்கும், ஆனால் எச்சம் நீர்த்துப் போகும், கூளம் நனையும், அதைத் தொடர்ந்து ரத்தக் கழிச்சல் வரும். 3000க்கு மேல் போனால் கோழிக்கு ஆகாது. 5000ஐத் தாண்டிய தண்ணீரைக் கூடு கழுவக்கூட எடுக்க வேண்டாம், தகரமும் கம்பியும் அரித்துப்போகும்.

மேலே சொன்ன கணக்குக்குச் சாதாரண நாளில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் ஆகும்: கோழிக்குக் கால் லிட்டர், கினிக்கு 200 மில்லி, காடைக்கு 50 மில்லி. சித்திரை வைகாசி வெயிலில் இது இரட்டிப்பாகும். அப்போதும் ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1000 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு சிமெண்ட் தொட்டியை நிரப்பி மூடிவைத்தால் குஞ்சுகளுக்கான தண்ணீர் கோடை வரை கைவசம் இருக்கும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். கூரையில் படிந்திருக்கும் உப்புத்தூசி கழுவிப் போகட்டும்.

சங்காயமும் கருவாட்டுத் தலையும்

மீன் இறங்கும் ஊரில் இருப்பது தீனிக்குப் பெரிய வசதி. அதே வசதியால் சாகும் கோழிகளும் இங்கேதான் அதிகம். உப்புப் போட்ட கருவாட்டுத் தலை, கழிவு, கருவாடு கழுவிய தண்ணீர் எதுவும் கோழிக்கு ஆகாது. உப்பு மிஞ்சிய கோழி விடாமல் தண்ணீர் குடிக்கும், அலகிலிருந்து நீர் வடியும், கால் தள்ளாடும். குஞ்சுக்கு வயிறு ஊதும். அந்த நிலையில் தீனியை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். தொட்டி நிறைய வைத்துவிட்டால் ஒரேயடியாகக் குடித்துச் செத்துப்போகும்.

சங்காயம் என்பது வலையில் கலந்து வரும் கழிவு பொடிமீன். அதை உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்ததுதான் சரியான தீனி. கடல் தண்ணீரிலேயே அலசிக் காயவைத்திருப்பார்கள், மணலும் ஒட்டியிருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி காயவைத்து இடியுங்கள். மொத்தத் தீனியில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் சேர்த்தால் முட்டையில் மீன் வாடை வரும். முட்டையிடும் கோழிக்கு 100 கிலோ தீனி இப்படிக் கலக்கலாம்:

கம்பு அல்லது உடைத்த சோளம் 50 கிலோ
குருணை அரிசி 10 கிலோ
தவிடு 15 கிலோ
கடலைப் பிண்ணாக்கு 14 கிலோ
சங்காயத் தூள் 6 கிலோ
சிப்பித் தூள் 4 கிலோ
தாது உப்புக் கலவை 1 கிலோ

புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். சங்காயம் சேர்ப்பதால் தனியாகச் சமையல் உப்பு வேண்டாம். பிண்ணாக்கை வாங்கும்போது உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை துளி இருந்தாலும் வேண்டாம், அந்த நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். சிப்பிக்குச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு வரும் சாதாரண மட்டிச் சிப்பியை வாங்கி, மழையில் கழுவவிட்டு இடித்துக்கொள்ளலாம். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் பவளப்பாறைத் துண்டுகளை எடுக்காதீர்கள், அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

அழுகிய மீனும் ஆபத்துதான். குப்பையில் கிடக்கும் மீன் குடலில் நெளியும் புழுவைக் கோழி ஆசையாகப் பொறுக்கும். ஓரிரு நாளில் கழுத்து துவண்டு, தலை மண்ணில் படிந்து கிடக்கும். இமை பாதி மூடியிருக்கும். இறகைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பலரும் இதை வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோயில் வரும் கழுத்துத் திருகலோடு குழப்பிக்கொள்கிறார்கள். கழிச்சலில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், இதில் துணிபோலத் தொங்கும். நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி நிழலில் வைத்தால் லேசாகத் தாக்கியவை தேறக்கூடும். செத்த பறவை எதுவானாலும் அன்றே மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும்.

கூடு எங்கே, எப்படி

இங்கே ஆண்டு முழுக்க இரண்டு காற்றுகளின் ஆட்சி. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் மணலை வாரி அடிக்கும். ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை, மழையோடு வரும். வீட்டுக்கு வடமேற்கு மூலையிலோ தென்கிழக்கு மூலையிலோ கூட்டை வைத்தால் எந்தக் காலத்திலும் எச்சத்தின் நாற்றம் வீட்டுக்குள் நேராக வராது. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், காலை மாலை வெயில் உள்ளே அடிக்காது. பனஞ்சட்டத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தளம் போடுங்கள். சட்டங்களுக்கு இடையே ஒரு அங்குலம் இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழும், வாரிக்கொள்ளலாம். ஒரு கோழிக்கு 2 சதுர அடி, கினிக்கு இரண்டரை. கிடுகுத் தட்டியை அவிழ்த்து மாற்றும்படி கட்டுங்கள். மழைக்காலத்தில் வடக்கும் கிழக்கும் மூடியிருக்கும், கச்சானில் மேற்கு மட்டும். நான்கு பக்கமும் ஒருபோதும் மூடாதீர்கள். காற்றோட்டம் நின்றால் எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும், சளி பிடிக்கும்.

கம்பிவலை இங்கே வெகுநாள் தாங்காது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலைதான் என்றால் பிளாஸ்டிக் பூசியதாக வாங்குங்கள். அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போனால் கீரி மூக்கை நுழைத்துவிடும், கீரிக்குட்டி முழுசாகவே நுழைந்துவிடும். பழைய மீன்வலையைக் கூண்டுச் சுவராகக் கட்டும் பழக்கம் நிறைய இருக்கிறது. பருந்துக்கும் காகத்துக்கும் தலைக்கு மேலே விரிக்க அது நல்லது. பக்கச் சுவருக்கு ஆகாது: கோழிக்கால் சிக்கும், நாய் ஒரே கடியில் அறுக்கும்.

காடைக்குத் தனிக்கூண்டு, கோழிக்கூட்டிலிருந்து எட்டத்தில். காடையிடமிருந்து கோழிக்கும் கோழியிடமிருந்து காடைக்கும் சளி நோய்கள் தொற்றும். காடையை வேகமாகக் கொல்லும் குடல்புண் நோய் கோழியின் எச்சத்தோடு வரக்கூடும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் இருபது காடைக்குத் தாராளம். உயரம் பத்து அங்குலம் போதும். காடை மிரண்டால் செங்குத்தாக எகிறும், உயரக் கூண்டில் வேகம் கூடித் தலை உடையும். மேல்பக்கம் வலைத்துணியாக இருப்பது இன்னும் நல்லது. நான்கு கால்களையும் பழைய எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்துங்கள். கட்டெறும்பு ஏறினால் ஒரே இரவில் குஞ்சு எதுவும் மிஞ்சாது. ஒரு ஆணுக்கு மூன்று பெட்டை. ஆறேழு வாரத்தில் முட்டை தொடங்கும். மார்கழியில் பொழுது குறையும்போது விளக்குப் போட்டு 14 மணி நேர வெளிச்சம் கொடுக்காவிட்டால் முட்டை நின்றுபோகும்.

கினிக்கோழி கோழியோடு ஒரே வரிசைக் கூட்டில் தடுப்புப் போட்டு இருக்கலாம். ஆனால் தீனித்தொட்டி இரண்டு வேண்டும், இல்லையென்றால் கினிச்சேவல் கோழிகளைக் கிட்ட விடாது. பாம்போ நாயோ வளவுக்குள் வந்தால் முதலில் கத்துவது கினிதான், அந்தக் காவலுக்காகவே வளர்க்கலாம். பறந்து மதில் தாண்டாமலிருக்க ஒரு பக்க இறக்கையில் மட்டும் நீண்ட இறகுகள் ஐந்தாறை வெட்டிவிடுங்கள். இரு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, மறுபடி பறந்துவிடும்.

வான்கோழி விஷயம் இதுதான். கோழியின் குடலில் இருக்கும் சிறு புழுவின் முட்டைக்குள் ஒரு நுண்ணுயிர் ஒளிந்திருக்கும். கோழிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வான்கோழி அதைத் தின்றால் ஈரல் புண்ணாகி, மஞ்சள் எச்சம் போட்டு, கூட்டமாகச் சாகும். புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மண்புழுவும் அதைச் சுமக்கும். 10 சென்டுக்குள் கோழி மேய்ந்த மண்ணைத் தவிர வேறு மண் கிடையாது. அதனால் கோழியா வான்கோழியா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். தனி நிலம் இருப்பவர்கள் வான்கோழிக் குஞ்சை மூன்று மாதம் உயரத் தளத்திலேயே வளர்த்து, கோழி மேயாத மண்ணில் விடலாம். பிராய்லர் தீவனத்தை மட்டும் அதற்குப் போட்டுவிடாதீர்கள். ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கும் சாலினோமைசின் வான்கோழிக்கு நஞ்சு, கினிக்குஞ்சுக்கும் அந்த ஆபத்தை ஏற்க வேண்டாம். மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

குஞ்சு பொரிப்பும் முதல் மூன்று வாரமும்

கோழி முட்டைக்கு 21 நாள், காடைக்கு 17 அல்லது 18, கினிக்கு 26 முதல் 28. கினி அடையில் பொறுப்பாக உட்காராது. நாட்டுக்கோழியின் அடியில் 12 கினி முட்டை வைப்பதுதான் வழக்கம். கோழி முட்டையையும் சேர்த்து வைக்க விரும்பினால் கினி முட்டை வைத்து ஆறாம் நாள் வையுங்கள், ஒரே நேரத்தில் பொரியும். காடை முட்டையின் ஓடு மெல்லியது, கோழியின் கனத்தில் நொறுங்கும், அதற்கு இன்குபேட்டர்தான்.

பொரித்த கினிக்குஞ்சை முதல் மூன்று வாரம் தாய்க்கோழியோடு காலையில் வெளியே விடாதீர்கள். தாய் பனிப்புல்லில் இழுத்துக்கொண்டு போகும், நனைந்த குஞ்சு நடுங்கிச் சாகும். வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு பஞ்சாரத்தைத் திறந்தால் போதும். தரையில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி விரிந்துபோகும், சாக்கை விரியுங்கள்.

காடைக்குஞ்சு பிறக்கும்போது எட்டு கிராம்தான், கட்டைவிரல் நுனி அளவு. ஒரு அங்குலத் தண்ணீரில் மூழ்கிப்போகும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கல்லுக்கு இடையில் மட்டும் தண்ணீர் மினுங்கும்படி ஊற்றுங்கள். குஞ்சு கல்மேல் நின்று அலகை மட்டும் நனைத்துக் குடிக்கும். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் என்று குண்டு பல்பு கணக்கு. எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். வைகாசிப் பகலில் பல்பே வேண்டாம். மின்சாரம் போன இரவில் மண்சட்டியில் கரிநெருப்பு வைப்பவர்கள் அறையை மூடிவிடக் கூடாது, புகையே தெரியாமல் குஞ்சும் ஆளும் மூச்சடைத்துப் போகும்.

தோட்டத்துக்குள் எப்போது விடுவது

கோழிக்குக் காரம் தெரியாது. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் நாக்கைத்தான் சுடும், பறவைக்கு அது வெறும் பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்முடைய முண்டு மிளகாயைக் கோழி தக்காளியைப்போலத் தின்னும். களத்தில் காயும் உருண்டைப் பழத்தை அலகால் கொத்தி, தோலைக் கிழித்து, விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டுத் தோலை வீசிவிட்டுப் போகும். 'காரமாச்சே, தொடாது' என்று நம்பிக் களத்தைக் காவலின்றி விடாதீர்கள். களத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை, மேலே ஒரு வலை, இரண்டும் வேண்டும்.

வளவை இரண்டாகப் பிரியுங்கள். வீட்டையொட்டி இரண்டு சென்ட் சமையல் தோட்டம்: கீரை, கத்தரி, வெண்டை. பனைமட்டை வேலி அடைத்து, ஆண்டு முழுக்கப் பறவை நுழையாமல் வையுங்கள். மீதி, மழையை நம்பி விதைக்கும் நிலம். அங்கே புரட்டாசி ஐப்பசியில் மிளகாயும் கொத்தவரையும் போட்டு, பங்குனி சித்திரை வரை பறிப்பது. கடைசிப் பறிப்பு முடிந்ததும் கதவைத் திறந்து கோழிகளை உள்ளே விடுங்கள். காய்ந்த செடியில் இருக்கும் புழுக்கூடு, உதிர்ந்த விதை, களைப்பூண்டு எல்லாவற்றையும் கிளறித் தின்னும். ஆடிப் பாதியிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். விதைப்புக்கு முன் ஆறு வாரமாவது நிலம் ஓய்ந்தால்தான் பச்சை எச்சத்தின் சூடு தணியும், எச்சத்தில் உள்ள கிருமியும் குறையும்.

கினி அவ்வளவாகக் கிளறாது. மிளகாய்ச் செடி முழங்கால் உயரம் வந்த பிறகு மாலை ஒரு மணி நேரம் கினியை மட்டும் விட்டால் வெட்டுக்கிளியைப் பிடிக்கும். பழம் சிவக்கும்போது அதையும் நிறுத்துங்கள். முருங்கை, அகத்தி, தென்னை, பப்பாளி அடியில் கோழியும் கினியும் எப்போதும் மேயலாம். இளங்கன்றைச் சுற்றி மட்டும் கல் அடுக்குங்கள், இல்லாவிட்டால் வேரைக் கிளறிப்போடும். அகத்தியும் முருங்கையும் கொத்தாகக் கட்டி எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் மஞ்சள் கரு நன்றாகச் சிவக்கும். வேலியோரம் அரளியும் ஆமணக்கும் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

கூட்டின் அடியில் விழும் எச்சத்தை வாரம் இருமுறை வாரி, ஒரு பங்கு எச்சத்துக்கு மூன்று பங்கு காய்ந்த இலை, சருகு என்று குவியுங்கள். பனையோலை மக்க நாளாகும், அது வேண்டாம். பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டி, கையில் பிழிந்தால் ஈரம் தெரிந்து நீர் சொட்டாத பதத்தில் வைத்தால் 60 நாளில் மக்கும். சென்டுக்கு 10 முதல் 15 கிலோ போதும். அதையும் விதைப்பின்போது பாதி, பூக்கும்போது பாதி என்று பிரித்துப் போடுங்கள், மணலில் ஒரே மழையில் சத்து கீழே இறங்கிவிடும். கோழி எச்சத்திலும் உப்பு உண்டு. உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சும் நிலத்தில் அளவைக் கூட்டினால் இலை நுனி கருகும், அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய.

கழிச்சலுக்கு முன்னே

வெயில் ஏறும்போது வெள்ளைக் கழிச்சல் ஊர் ஊராக வரும். நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் தோலுக்குக் கீழே ஆர்டிவிகே என்ற தடுப்பு மருந்து அரை மில்லி ஊசி. கால்நடைத்துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமைத் தவறவிடாதீர்கள். கினிக்கும் போடச் சொல்லிக் கேளுங்கள். மருந்துப் புட்டியை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, அது மருந்தைக் கொன்றுவிடும். தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரை எடுத்து, லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, அதில் மருந்தைக் கரையுங்கள். அன்று விடியற்காலை இரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்துவிட்டுக் கொடுத்தால் எல்லாப் பறவையும் வந்து குடிக்கும். வெயில் ஏறும் முன் தொட்டி காலியாகிவிட வேண்டும்.